பாட்டுக்கு எதற்குப் பொருத்தம்?

நண்பருக்குக் காதல் பாட்டு சொல்வதற்கென்று ஒரு விதி இன்று எல்லோர் மனதிலும் ஊறிப்போயிருக்கிறது: அவருடைய நிலைமை தெரிந்து கொடு. காதலில் விழுந்தவனுக்கு டூயட். காதல் முறிந்தவனுக்குச் சோகப் பாட்டு. நிச்சயதார்த்தம் முடிந்தவளுக்குக் கல்யாணப் பாட்டு. யூடியூபில் ‘லவ் ஃபெயிலியர் சாங்ஸ்’ என்று தேடினால் மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. பாட்டுச் செயலிகள் மழைக்கு ஒன்று, இரவுப் பயணத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என்று மனநிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு பல்லவி ஓடினாலே, ‘இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது’ என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சங்கரன்கோவிலில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவிக்கும் சிங்கப்பூரில் ரயிலேறும் பொறியாளருக்கும் இதில் வேறுபாடு இல்லை. கேட்பதற்கு இந்த விதி பரிவானது, விவேகமானது. ஆனால் இதில் பரிவும் இல்லை, விவேகமும் இல்லை என்பதே என் வாதம். காதலையும் உறவையும் பற்றிய நல்ல பாட்டு, கேட்பவரை அவர் நிற்காத ஓர் இடத்தில் சற்று நேரம் நிற்க வைக்கிறது. அதற்காகவே அது பாட்டு. அப்படியானால் நண்பர் தேடித் தர வேண்டியது பொருந்தாத பாட்டைத்தான்.

இந்தப் பொருத்தப் பழக்கத்தைச் செயலிகளின் தலையில் கட்டிவிட்டு, பழைய காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவது எளிது. அது நியாயமில்லை. எண்பதுகளில் சிறுநகரத்துக் கடைத்தெருக்களில் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்களிலேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிட்டது. 60 நிமிடக் கேசட்டா, 90 நிமிடக் கேசட்டா என்று கேட்டு, வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவந்த பட்டியலைப் பதிந்து தந்த அதே கடைகளில்தான் ‘காதல் பாடல்கள்’, ‘சோகப் பாடல்கள்’, ‘தத்துவப் பாடல்கள்’ என்று வகை பிரித்த கேசட்டுகளும் அடுக்கியிருந்தன. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது, மனநிலையைச் சொல்லிப் பாட்டு வாங்கும் பழக்கத்தை அது புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தமிழர் காதல் பாட்டு கேட்ட விதம் முழுவதும் இப்படி இருந்ததில்லை. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கியபோது, தென்தமிழ்நாட்டின் காதுகள் இலங்கை வானொலிக்குப் போயின. 1957இல் விவித்பாரதியும் 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையமும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் போகவில்லை. நேயர் விருப்பத்தில் வந்ததெல்லாம் முகமறியாத யாரோ அஞ்சலட்டை போட்டுக் கேட்ட பாட்டு. கோயில் கொடைக்குக் கட்டும் ரேடியோ செட்டிலும் அப்படித்தான்: ஒரே பொழுதுக்குள் டூயட்டும் பிரிவுப் பாட்டும் அடுத்தடுத்து வந்து, தெருவிலிருந்த எல்லோர் காதிலும் விழுந்தன. அவை யாருடைய நிலைமைக்கும் அளவெடுத்துத் தைத்தவை அல்ல. அதனால் அவற்றை யாரும் கேட்காமல் விட்டதாகவும் இல்லை.

இதற்குச் சங்கரன்கோவில் வட்டாரமே தரும் சான்று இன்னும் பழையது. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பக்கத்திலுள்ள சென்னிகுளத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய சிந்துகளில் ஊர் வளமும் மலை வளமும் மட்டும் இல்லை. முருகன்மேல் காதல் கொண்டு உருகும் தலைவியின் பாட்டுகளும் அவற்றோடு கலந்திருக்கின்றன. அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் யார்? காவடி தோளில் ஏந்தி, வெயிலில், புழுதி பறக்க நடந்த ஆண்கள். பெண்ணின் ஏக்கம், அதை எழுதியது ஓர் இளைஞர், பாடியது வேண்டுதலோடு போன கூட்டம். நிலைமைக்கேற்ற பாட்டு என்ற விதியை வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் எதற்கும் பொருந்தாது. வேண்டுதல் நிறைவேறிய நன்றியோடு நடந்தவருக்கு ஒரு பெண்ணின் காதல் நோயைக் கையில் கொடுப்பானேன்? ஆனாலும் நூறாண்டுக்கு மேலாக அந்தச் சிந்துகள் வாய்மாறி வந்திருக்கின்றன. திரையிசையும் அந்த மெட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. சங்கரன்கோவிலில் ஆடி உத்திராடத்தில் தபசுத் திருவிழாவுக்குக் கூடும் பெருங்கூட்டமும் இதையே காட்டுகிறது. அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைக் காட்டச் சொல்லித் தனியே போய்த் தவம் நின்ற கோமதி அம்மனின் கதை, கணவரிடம் ஒரு மனைவி வைத்த கோரிக்கையின் கதையும்தான். அந்த நிலையில் இருப்பவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொன்னால் ரத வீதிகளில் யார் நிற்பார்கள்?

இது தற்செயலாக அமைந்த வழக்கம் அன்று. தமிழ்க் காதல் கவிதையின் இலக்கணமே இதன்மேல்தான் நிற்கிறது. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்களே அங்கே உண்டு. இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நக்கீரரின் நெடுநல்வாடை சாட்சி. போருக்குப் போன அரசனை நினைத்து வருந்தும் அரசியைப் பாடும் அந்தப் பாட்டு எல்லா வகையிலும் அகமாகவே நடக்கிறது. ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது என்ற குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம்; ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது; ஆகவே இது புறம் என்று உரையில் சொல்லிவிட்டார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தளிர் போதும், காதல் பாட்டு காதல் பாட்டாக இல்லாமல் போவதற்கு! பெயர் நீக்குவது காதலரின் மானத்தைக் காப்பதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெயர் ஒட்டிய பாட்டு ஒருவருக்கு மட்டும் சொந்தம். பெயரில்லாத பாட்டை யாரும் யாருக்கும் தரலாம். ‘இது உனக்காகவே எழுதியது போல இருக்கிறது’ என்று சொல்லி இன்று நாம் பாட்டை அனுப்பும்போது, இலக்கணம் கழற்றி வைத்த பெயரைத் திரும்பவும் அதில் ஒட்டுகிறோம். பெற்றுக்கொள்பவர் அதற்குப் பிறகு பாட்டைக் கேட்பதில்லை, தன்னைத்தான் கேட்கிறார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். திணை என்பதே நிலைமைவாரியான பாகுபாடுதானே? புணர்தலுக்குக் குறிஞ்சி, இருத்தலுக்கு முல்லை, ஊடலுக்கு மருதம், இரங்கலுக்கு நெய்தல், பிரிவுக்குப் பாலை என்று வகுத்தவர்கள் நாம். இன்றைய மனநிலைப் பட்டியல் அதன் தொடர்ச்சிதானே? கேள்வி நியாயமானது. ஆனால் திணை, பாட்டில் பேசுபவரின் நிலையை வகுத்தது; கேட்பவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது தெளிவாகும். குறுந்தொகையையும் நற்றிணையையும் அவர்கள் திணைவாரியாக அடுக்கவில்லை. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12 அடி என்று பாட்டின் நீளத்தையே எல்லையாக வைத்தார்கள். அகநானூற்றில் உருத்திரசன்மர் செய்தது இன்னும் நுட்பமானது. ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். 400 பாட்டில் 200 பாலை. அதாவது சரிபாதி பிரிவுத் துயரம். ஆனாலும் வரிசையாகப் படிப்பவர் ஓரிடத்தில்கூட இரண்டு பாலைப் பாட்டை அடுத்தடுத்துச் சந்திக்க முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் பிறகு ஒரு கூடலோ காத்திருப்போ ஊடலோ இரங்கலோ குறுக்கே வந்து நிற்கிறது. ஐங்குறுநூறும் கலித்தொகையும் திணைவாரியாக அடுக்கியவை என்பது உண்மைதான். ஆனால் ஐங்குறுநூற்றின் மருதம் நூறிலேயே தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், பரத்தை பேசுகிறாள். ஒரே ஊடலை எதிரெதிர்த் தரப்பிலிருந்து கேட்க வைக்கும் அடுக்கு அது. ‘பிரிந்தவருக்கு ஐம்பது பிரிவுப் பாட்டு’ என்ற தொகுப்புக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை.

சங்கப் பாட்டை விடுங்கள், சினிமாப் பாட்டு சிச்சுவேஷனுக்காகவே பிறப்பது என்று அடுத்து சொல்வார்கள். ஆம், இயக்குநர் சூழலைச் சொல்ல, இசையமைப்பாளர் மெட்டுப் போட, கவிஞர் எழுதுகிறார். ஆனால் அந்தச் சூழல் பாத்திரத்துடையது, நம்முடையது இல்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962இல் வந்தது. நோயில் கிடக்கும் கணவன், தான் இறந்தால் மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். சிகிச்சை செய்யும் மருத்துவரோ அவளை முன்பு காதலித்தவர். அந்தச் சொல்லுக்கு அவள் தரும் பதில்தான், கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், சிதார் துணைவர பி. சுசீலா பாடிய பாட்டு. தமிழ்நாட்டில் எத்தனை பேர் அந்த நிலையில் இருந்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணினாலும் விரல் மிஞ்சும். ஆனால் அறுபது ஆண்டுகளாக அதைக் கேட்டு நெஞ்சு கனத்தவர்களை எண்ண முடியாது. ‘மௌன ராகம்’ (1986) படத்தில், கல்யாணமாகியும் மனதால் விலகியே இருக்கும் மனைவியை நோக்கி, கணவன் தரப்பில் எஸ்.பி.பி. குரலில் வரும் பாட்டை, வாலி எழுதி இளையராஜா அமைத்ததை, எந்தப் பட்டியலில் வைப்பது? அது டூயட் ஆகாது, ஏனென்றால் எதிர்க்குரலே இல்லை. காதல் தோல்வியும் ஆகாது, ஏனென்றால் காதலே இன்னும் தொடங்கவில்லை. ஒரே கூரையின்கீழ் அந்நியராக வாழும் இருவரின் பாட்டு அது. சூழல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் கேட்பவர் தன்னை விட்டு நகர வேண்டியிருக்கிறது. அந்த நகர்வில்தான் அவருக்கு ஏதோ கிடைக்கிறது.

பொருத்தம் பார்ப்பதன் விளைவுகளையும் பார்க்க வேண்டும். முதல் விளைவு, உறவின் பரப்பு சுருங்குவது. கேட்பவரின் நிலைமை என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: செட் ஆச்சா, பிரேக்-அப் ஆச்சா? ஆகவே பட்டியல்களும் இரண்டாகவே பிரிகின்றன. கல்யாணத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளும், வேலைக்காக வெளிநாடு போனவருக்கும் ஊரில் இருப்பவருக்கும் இடையிலுள்ள தூரமும், பேசாமலேயே விலகிப்போகும் நட்பும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பழைய அகப்பாட்டில் தலைவனோடு ஊரைவிட்டுப் போன மகளைத் தேடிச் சுரத்து வழியில் எதிர்ப்படுவோரை விசாரிக்கும் தாய்க்கும் இடம் இருந்தது; அதுவும் காதல் பாட்டின் ஒரு பகுதி என்றே தொகுத்தார்கள். இரண்டாவது விளைவு இன்னும் கேடானது. 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ பாட்டுக்குப் பிறகு ‘சூப் சாங்’ என்பது தனி வகையாகவே நிலைத்தது. கேலியாகத் தொடங்கிய அந்த வகை, பெண்ணை ஏமாற்றுக்காரியாகவும் ஆணைப் பரிதாபத்துக்குரியவனாகவும் காட்டும் பாட்டுகளின் வரிசையாக வளர்ந்தது. காதல் முறிந்த நண்பனுக்கு அவன் நிலைமைக்கேற்ற பாட்டு வேண்டும் என்று தேடினால் கைக்குக் கிடைப்பவற்றில் பாதி இவைதான். மறுக்கப்பட்ட வலி இப்படித்தான் மறுத்தவள்மேல் கோபமாக மாறுகிறது. ஒருதலைக் காதல் பெண்ணின் உயிரையே எடுத்த வழக்குகளைக் கண்ட மாநிலம் இது. பாட்டு கொலை செய்வதில்லை. ஆனால் ‘நீ சொல்வதுதான் சரி’ என்பதையே ஐம்பது குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது நட்பின் வேலை இல்லை.

அப்படியானால் அழுதுகொண்டிருப்பவனுக்குக் குத்துப் பாட்டு அனுப்பச் சொல்கிறாயா, அது இரக்கமற்றதில்லையா என்று கேட்கலாம். பொருந்தாத பாட்டு என்றால் எதிர்மனநிலைப் பாட்டு என்று பொருளில்லை. துக்கத்தில் இருப்பவருக்குத் துக்கப் பாட்டு முதலில் துணை தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தன் வலியை வேறொருவரும் அறிந்திருக்கிறார் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த முதல் பாட்டைத் தேடித்தர நண்பர் தேவையில்லை. அவரே தேடிக்கொள்வார், அதற்குத்தான் செயலி இருக்கிறது. நண்பரின் முறை இரண்டாவது பாட்டில் வருகிறது. அகநானூற்றில் பாலைக்கு அடுத்து வரும் பாட்டு பாலையைப் பொய்யென்று சொல்வதில்லை. பிரிவு மட்டுமே உலகம் இல்லை என்று காட்டிவிட்டு நகர்கிறது, அடுத்த எண்ணில் பாலையும் திரும்பி வருகிறது. காதலி விலகிப்போன ஒருவனுக்கு, விலகிப்போகும் பெண்ணின் தரப்பிலிருந்து ஒலிக்கும் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு, மகளைப் பிரிந்த தாயின் குரலைக் கொடுத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு, அறுபதைக் கடந்த தம்பதியின் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். இவை முதலில் உறுத்தும். எப்போது கொடுப்பது என்பதற்கு நிதானம் வேண்டும், உண்மைதான். அந்த நிதானம் தெரிந்தவரைத்தான் நண்பர் என்கிறோம்.

சிறுநகரத்தில் இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பாட்டு அனுப்புபவரின் மனமோ பெறுபவரின் நிலையோ பாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை, பாட்டைத் தூதாக்கிவிடுகிறது. ஒரு பெண் தன் வகுப்புத் தோழனிடம் ஒரு காதல் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அது பாட்டைப் பற்றிய பேச்சாக நிற்பதில்லை. அவன் அதைச் சம்மதமாகப் படிக்கிறான். அவனுடைய கூட்டாளிகள் அதைச் செய்தியாக்குகிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் போன் பறிபோகிறது. யார் யாரோடு பேசுகிறார் என்பதைத் தெருவே கணக்கு வைத்திருக்கும், சாதி மீறிய காதலுக்கு உயிரே விலையாகும் இடங்களில், இது சின்ன விஷயம் இல்லை. விளைவாக, ஆணும் பெண்ணும் காதல் பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவே வழியில்லாமல் போகிறது. ஆண்கள் ஆண்களுக்குள்ளும் பெண்கள் பெண்களுக்குள்ளும் மட்டும் பாட்டைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். மறுபாலாரின் மனம் எப்படி இயங்குகிறது என்று அறிய இருக்கும் மிக எளிய, மிக மலிவான வழி இப்படி அடைபடுகிறது. இந்தக் கெடுபிடிக்குப் பாட்டுதான் காரணம் என்று பெரியவர்கள் பாட்டைத் திட்டுகிறார்கள். காரணம், பாட்டு யாரையோ சுட்டியே ஆக வேண்டும் என்ற எண்ணம். சங்கப் புலவர்களில் கபிலர் தொடங்கி எத்தனையோ ஆண்கள் தலைவியின் குரலில் பாடினார்கள். அதைக் கபிலரின் சொந்தக் கதையாக யாரும் படிக்கவில்லை. அந்தப் பக்குவம் ஒருகாலத்தில் நம்மிடம் இருந்தது என்றால், கல்லூரி வகுப்பறையில் அதைத் திரும்பக் கொண்டுவருவது ஆகாத காரியம் இல்லை.

கடைசியாக, கணிப்பொறி இதையெல்லாம் மனிதரைவிட நன்றாகச் செய்கிறது என்ற வாதம். அது என்ன செய்கிறது? நீங்கள் முன்பு கேட்டதை வைத்தும், உங்களைப் போலக் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்டார்கள் என்பதை வைத்தும் அடுத்த பாட்டைக் கணிக்கிறது. நீங்கள் தாண்டிப்போகாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு வெற்றி. ஜாதகக் கட்டம் பார்த்துப் பத்துப் பொருத்தம் சொல்லும் சோதிடரின் திறமை இது. கணக்கு தப்பாமல் இருக்கலாம், ஆனால் அந்த இருவரோடு அவருக்குப் பழக்கம் இல்லை. அந்தக் கணக்கிலும் எதிர்பாராத பாட்டு வருவதுண்டு; அப்படி வந்ததை ‘எனக்கேன் இதைக் கொடுத்தாய்?’ என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நண்பரிடம் கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘மூன்றாவது சரணத்தில் அவள் சொல்வதைக் கவனி’ என்பார், நீங்கள் மறுப்பீர்கள், பேச்சு பாட்டிலிருந்து வாழ்க்கைக்கும் வாழ்க்கையிலிருந்து பாட்டுக்கும் போய்வரும். பொருந்திய பாட்டில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. ‘ஆமா, சரியா இருக்கு’ என்றதும் முடிந்துவிடுகிறது.

ஆகவே நண்பருக்குக் காதல் பாட்டு சொல்ல விரும்புபவர் செய்ய வேண்டியவை சில. ஐம்பது வேண்டாம், ஒன்று போதும். துண்டு வேண்டாம், சரணங்களோடு முழுப் பாட்டாக இருக்கட்டும். பல்லவி பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும், சரணத்தில்தான் பாத்திரத்தின் தனி வாழ்க்கை வருகிறது. யார் எழுதினார், யார் பாடினார், படத்தில் யார் யாரிடம் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அது இன்னொருவரின் குரல் என்பது நினைவில் நிற்கும். உங்களுக்கு ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். அவருக்கு ஏன் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் நிலைமையைப் புரிந்துகொண்டவர்களுக்கு இன்று பஞ்சமில்லை. நம் போனே அதைப் புரிந்துகொண்டுவிட்டது. நம்மை இப்போதைய நிலைமையைவிடப் பெரியவராக மதித்து, நமக்குத் தொடர்பில்லாத ஒருவரின் காதலைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு என்று நம்புபவர்கள்தான் குறைவு. அந்த நம்பிக்கையை வைக்கத் தெரியாதவர் பாட்டு சொல்வதைச் செயலிக்கே விட்டுவிடலாம்.